கையால் செய்த கிடாருக்கு லாக்கர் பூச்சு: சென்னைக் காற்றில் ஓர் அனுபவம்

மேசைக்கோ கதவுக்கோ லாக்கர் அடிக்கும்போது, பரப்பில் சிறு பள்ளம் இருந்தால் இன்னொரு கோட் ஏற்றி மறைத்துவிடலாம். அக்கூஸ்டிக் கிடாரில் அந்த வழி கிடையாது. அதன் முன்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உள்ள ஸ்புரூஸ் மரம். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக்குவது அதுதான் என்பதால், அதன்மேல் ஏறும் தேவையற்ற பூச்சு ஒவ்வொன்றும் அதிர்வை மட்டுப்படுத்தும். எல்லாத் தேய்ப்பும் முடிந்தபின் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரைதான் பூச்சு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். அவ்வளவு மெல்லிய படலம் வழுவழுப்பாக அமைய வேண்டுமானால், அந்த வழுவழுப்பை லாக்கருக்கு முன்பே மரத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே சென்றது. அது சரியான செலவு என்றே இன்றும் கருதுகிறேன்.

பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம். அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு நீளமானவை. அவற்றை நிரப்பாமல் அடித்தால், லாக்கர் காயக்காய உள்ளே இறங்கி, ஒவ்வொரு துளையும் மெல்லிய கோடாக மேலே தெரிந்துவிடும். 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்துத் தூசியை முற்றிலும் எடுத்தபின், நிதானமாக இறுகும் எப்பாக்ஸிப் பிசினைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழைக்குக் குறுக்காக இழுத்து நிரப்பினேன். இறுகியதும் மரம் தெரியும்வரை தேய்த்து, மறுபடியும் நிரப்பினேன். எப்பாக்ஸி காயும்போது பெரிதாகச் சுருங்காது என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால், நிரம்பாத துளைகள் ஊசிமுனை நிழல்களாகத் தெரியும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அவை தெரியவே தெரியா. ஸ்புரூஸுக்கு இந்த நிரப்பும் வேலை தேவையில்லை.

ஈட்டி மரத்தில் இன்னொரு சிக்கல் அதன் நிறம். கரைப்பான் பட்டதும் கருஞ்சிவப்புச் சாயம் கசிந்து, ஓரத்தில் பதித்த மெல்லிய வெள்ளை மரப் பட்டியில் ஏறிவிடும். இதைத் தடுக்க, மெழுகு நீக்கிய அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, நனைந்தும் நனையாததுமான துணியால் பட்டியை ஒட்டி, பட்டியிலிருந்து மரத்தை நோக்கி மட்டும் துடைத்தேன். அது காய்ந்ததும் முழு உடலுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று. லாக்கருக்கு நல்ல பிடிப்பும் அதனாலேயே கிடைத்தது.

சென்னையில் இந்த வேலையைச் செய்பவருக்கு உண்மையான எதிரி காற்றின் ஈரம். நான் பயன்படுத்திய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் உள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கும். குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் படிந்து, பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். கழிவுப் பலகை ஒன்றில் மழைக்கால மாலையில் அடித்துப் பார்த்தபோது, முதலில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்த பூச்சு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வெண்மை பூத்து, இழை முழுவதையும் மறைத்துவிட்டது. தின்னருடன் சிறிதளவு ரிட்டார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்து மெல்லியதாக மேலே அடித்தபோது அந்த வெண்மை கரைந்து மறைந்தது. ஆனாலும் ரிட்டார்டரை நம்பி ஈரக் காற்றில் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பூச்சு காய்வதைத் தாமதப்படுத்தும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டி, வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை காத்திருந்து, ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய நண்பகல்களில் மட்டுமே அடித்தேன். கம்ப்ரசர் குழாயில் நீர் பிரிக்கும் வடிகட்டியும் அவசியம்; இல்லாவிட்டால் தொட்டியில் சேரும் நீரே துளித்துளியாகப் பூச்சில் விழும்.

அடிக்கும் வேலை விரைவாகவே முடிந்தது. லாக்கரும் தின்னரும் சரிபாதி, மெல்லிய கோட்டுகள், இடையிடையே போதிய நேரம். புதிய கோட் பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடுவதால் அடுக்குகள் தனித்தனியாக நிற்பதில்லை; இந்த லாக்கரை நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். இது எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த, காற்றோட்டமான இடமும், அருகில் தீப்பொறி எழாத ஏற்பாடும், கரி வடிகட்டி பொருத்திய முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

பிறகு காத்திருப்பு. லாக்கர் சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். ஆனால் உள்ளே தங்கிய தின்னர் வெளியேற வாரங்கள் ஆகும். அதற்குள் தேய்த்துப் பளபளப்பாக்கினால், பூச்சு பின்னால் சுருங்கி, துளைகளின் தடம் மீண்டும் எழும். மூக்கைப் பூச்சருகே கொண்டுசென்றால் தின்னர் வாடை துளியும் வராத நாளில்தான் 800 எண் வாட்டர் பேப்பரைக் கையில் எடுத்தேன். கார்க் கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த நீர் மிகச் சிறிதளவு தொட்டுத் தேய்க்கும்போது, மேடுகள் மங்கி, பள்ளங்கள் மட்டும் மினுங்கும் புள்ளிகளாக நிற்கும். புள்ளிகள் சுருங்கிச் சுருங்கிக் கடைசிப் புள்ளியும் மறையும்போது பரப்பு முழுவதும் ஒரே மங்கலாகிவிடும். அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். விளிம்புகளில் பூச்சு மெலிந்திருப்பதால் அவற்றை விட்டு விலகியே தேய்த்தேன். 1000, 1500, 2000 எனத் தொடர்ந்து, ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் தொட்டு முடித்தபோது, ஜன்னல் கம்பிகளின் பிம்பம் பின்பலகையில் வளையாமல் நேராக விழுந்தது.

முன்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் ஒட்டும் இடத்தைத் தொடக்கத்திலேயே மாஸ்கிங் டேப்பால் மூடியிருந்தேன். பசை மரத்தோடு மரமாகப் பிடிக்க வேண்டும். லாக்கரின் மேல் ஒட்டினால் கம்பிகளின் இழுவிசை அதைப் பூச்சோடு பெயர்த்துவிடக்கூடும். முடித்தபின் கிடாரை நிறுத்தும் ஸ்டாண்டிலும் கவனம் தேவை. ரப்பரும் வினைலும் நாட்பட இந்த லாக்கரை இளக்கித் தடம் பதித்துவிடும் என்பதால், தாங்கும் இடங்களில் பருத்தித் துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன்.