அளகும் அளகமும்: குரூப் 4 பொதுத்தமிழ் எழுதப்போகிறவர்களுக்கு

ரேங்க் வந்துவிட்டது, கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள் என்ற தெம்பில் எழுதுகிறேன். எப்படிப் படித்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: ஒலி வேறுபாடு, அருஞ்சொற்பொருள். கணக்கும் நடப்பு நிகழ்வுகளும் ஊரோடு ஒத்துப் படித்ததுதான்.

பட்டியலை உருப்போடுவது எனக்கு ஆகவே ஆகாது. அதிலும் பயிற்சி மையத்தில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த நோட்ஸில் 'அளகு – கூந்தல்' என்று அச்சாகியிருந்தது! இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அளகு என்பது பெண் பறவை. எல்லாப் பறவைக்கும் அந்தப் பெயர் கிடையாது. "கோழி கூகை ஆயிரண் டல்லவை சூழுங் காலை அளகெனல் அமையா" என்று தொல்காப்பிய மரபியல் கறாராகச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே மயிலுக்கும் அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆக, ஆப்ஷனில் கோழி இல்லாவிட்டால் கூகையையோ மயிலையோ தேடுங்கள்.

அளகம்தான் கூந்தல். சுருள்முடியைக் குறிக்கும் வடமொழி 'அலக' இங்கே வந்ததும் லகரம் ளகரமாயிற்று. குபேரனின் அலகா நகரம் அளகை ஆனதும் இப்படியே. அளகமும் அளகையும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அளகு அடுத்த தெரு. அலகு என்றால் பறவையின் மூக்கு. கோழியும் மூக்கும் ஒரே கேள்வியில் வந்தால் நிதானம்.

சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பொருள் மறக்காது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசம். வடசொல் என்றால் மூலத்தையும் போட்டிருக்கும். நேரம் விரயம் என்பார்கள், என்னிடமும் சொன்னார்கள்.

இவற்றையும் அப்படியே பாருங்கள்:

- குறங்கு: தொடை. சிலப்பதிகாரத்தில் மாதவி தொடையில் அணிவது குறங்குசெறி. குரங்குக்கு இதில் வேலையில்லை.
- உழை: மான். உளை: பிடரிமயிர்.
- வேழம்: யானை, கரும்பு. வேளம்: சோழர் கல்வெட்டுகளில் அரண்மனைப் பணிமகளிர் குடியிருப்பு.
- மூடு, கடமை: பெண் ஆடு. இதுவும் மரபியல்தான்.

மரபியலில் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் வரும் பகுதி போதும். மரபுப் பிழை நீக்கும் கேள்விகளுக்கும் உதவும். 32 உத்திகள் வரும் கடைசிப் பகுதியை நான் திறக்கவே இல்லை.