அணை வண்டல் புராஜெக்ட் எடுக்கிறீர்களா? முதலில் நீர்மட்டப் பதிவை வாங்குங்கள்

டர்பன் பக்கம் புவியியலோ சிவில் இன்ஜினியரிங்கோ படித்துக்கொண்டு, ஆனர்ஸ் புராஜெக்டுக்கு அணை வண்டலை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது. தாராளமாக எடுங்கள். தென்னாப்பிரிக்காவில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்குக் கலிடன் ஆற்றில் 1973இல் கட்டி முடித்த வெல்பெடாக்ட் அணை ஒன்றே போதும். சுமார் 11.5 கோடி கன மீட்டர் கொள்ளளவு, இருபதே வருடத்தில் 1.6 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது, ப்ளூம்ஃபொன்டைன் ஊர்த் தண்ணீருக்காக நெல்பூர்ட் என்று இன்னொரு அணையே கட்ட வேண்டியதாயிற்று.

பெரும்பாலானவர்கள் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்பதில்தான் தொடங்குகிறார்கள். மென்பொருள் சில வாரத்தில் கைக்கு வந்துவிடும், தரவு அப்படி வராது. செயற்கைக்கோள் படம் தண்ணீரின் பரப்பை மட்டும்தான் காட்டும், ஆழத்தைக் காட்டாது. அணை நிரம்பிய நாள், பாதியான நாள், நன்றாக இறங்கிய நாள் என்று பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதே தேதியின் நீர்மட்டத்தைச் சேர்த்தால்தான் கணக்கே தொடங்கும். அடுத்தடுத்த இரண்டு மட்டங்களின் பரப்புகளையும் அவற்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தையும் கூட்டி, மட்ட வித்தியாசத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்தால் அந்த இடைவெளியின் கொள்ளளவு கிடைக்கும். அணை கட்டியபோது எந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்று போட்ட பழைய அட்டவணையில் அதே இடைவெளிக்கு எவ்வளவு இருந்தது என்று பாருங்கள், குறைந்திருப்பதுதான் வண்டல் பிடித்த இடம். அதனால் வீட்டுக்குப் பக்கம் என்று வெருலம் அருகே இருக்கும் ஹேஸல்மியரை எடுக்காதீர்கள். மட்டம் நன்றாக ஏறி இறங்குகிற, பழைய அட்டவணை கிடைக்கிற அணையா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நம் குவாசுலு-நேட்டாலில் ஒரு வசதி, மழை கோடையில்தான். குளிர்காலத்தில் மட்டமும் இறங்கும், வானமும் தெளிவாக இருக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில், தண்ணீரையும் நிலத்தையும் பிரிக்க உதவும் பச்சை அலைவரிசைக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் ஒரு பிக்சல் 10 மீட்டர், அதனால் கரையோரம் ஓரளவு நன்றாகவே விழும். வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் சேறாக இருந்தால் அண்மை அகச்சிவப்பை நம்பாதீர்கள், குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்துங்கள். அதற்கு 20 மீட்டர் பிக்சல் என்றாலும் பரவாயில்லை. இனாண்டா மாதிரி ஆகாயத்தாமரை படர்கிற அணையில் மென்பொருள் அந்தச் செடியை நிலம் என்று கணக்கிட்டுவிடும். அங்கே கையால்தான் எல்லை வரைய வேண்டும், அலுப்பான வேலைதான், ஆனாலும் வரையுங்கள். அப்புறம், பரப்பை அளப்பதற்கு முன் படம் யூடிஎம் என்ற மீட்டர் கணக்கு வரைபட முறையின் 36 தெற்கு மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்பெடாக்ட் பக்கம் என்றால் 35.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கட்டாயம் வரக்கூடிய கேள்வி ஒன்று: மிகக் குறைந்த மட்டத்துக்குக் கீழே படிந்த வண்டல் எங்கே? இந்த முறையில் அது தெரியாது, படகில் போய் எதிரொலிக் கருவியால்தான் அளக்க வேண்டும். ஆய்வறிக்கையிலேயே இதை முன்கூட்டி எழுதி, உங்கள் எண் எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரைக்கும் பொருந்தும் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.