சாவி இல்லாத வீல் லாக் நட்டோடு ஒரு மல்லுக்கட்டு

பழைய கார் வாங்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கியை மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றலாம் என்று சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். ஐந்து நட்டில் நான்கு வழக்கமான அறுகோணம். ஐந்தாவது மட்டும் மழமழவென்று உருண்டை. எந்த ஸ்பேனரும் பிடிக்க வழியில்லை. தலையில் மட்டும் அலை அலையாக வளைந்து ஓடும் ஒரு பள்ளம். நான்கு சக்கரத்திலும் இதே கதை.

அந்தப் பள்ளத்துக்குள் பொருந்துவதற்கென்றே ஒரு சாவி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சின்ன இரும்புத் துண்டு, ஒரு பக்கம் அதே அலை வடிவம், மறுபக்கம் ஸ்பேனர் பிடிக்க அறுகோணம். அலாய் வீலைத் (அலுமினியக் கலவைச் சக்கரத்தை) திருடாமலிருக்க இந்த ஏற்பாடு; அந்த உருண்டை நட்டுக்குப் பெயர் வீல் லாக் நட். அந்தத் துண்டு காணாமல் போனால் திருடனுக்கும் நமக்கும் வித்தியாசம் கிடையாது.

முதலில் தேடல். சோம்பல் படாமல் தேடுங்கள், ஏனென்றால் இதில் கிடைத்துவிட்டால் மீதிக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி அதன் கீழே, ஜாக்கி உட்காரும் ஃபோம் தட்டின் அடியில், கார் கையேடு வைக்கும் பைக்குள், டேஷ்போர்டு அறையில், சீட்டுக்கு அடியில், கதவுப் பைகளில். கருப்பாக இருக்கும், ஃபோமின் நிறத்தோடு கலந்துவிடும், அதனால் கண்ணை நம்பாமல் கையை விட்டுத் தடவுங்கள். பல நேரம் சாவி காரிலேயே இருக்காது. கடைசியாக டயர் கழற்றியவர் சாவியைத் தன் சாக்கெட்டுக்குள் (நட்டின் மேல் கவிழும் கிண்ணம் போன்ற ஸ்பேனர் முனைக்குள்) செருகியிருப்பார், வேலை முடிந்ததும் சாக்கெட்டோடு அது அவர் பெட்டிக்குள் போயிருக்கும். சமீபத்தில் எங்காவது டயர் வேலை நடந்திருந்தால் அங்கே ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.

அடுத்தது எண். சாவியோடு ஒரு சின்ன அட்டையோ ஸ்டிக்கரோ வந்திருக்கும், அதில் வடிவத்துக்கான குறியீடு அச்சிட்டிருக்கும். அந்த எண் இருந்தால் கார் நிறுவனத்தின் வழியாகவோ நட் தயாரித்தவரிடமோ புதுச் சாவி வரவழைக்கலாம். எண்ணும் இல்லையென்றால், அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர்களில் பல வடிவச் சாவிகள் அடங்கிய ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கழற்றிக் கொடுப்பார்கள். அவசரமில்லாதவர்களுக்கு இதுதான் சரியான வழி, நட்டுக்கும் சேதமில்லை. என் காரில் இருந்தவை கம்பெனி நட் அல்ல, வெளியில் வாங்கி மாட்டியவை. அட்டையும் இல்லை. அதனால் இந்தக் கதவு மூடிக்கொண்டது.

வலுக்கட்டாயமாகக் கழற்றுவது என்று முடிவெடுத்த பிறகும் நான் உடனே சுத்தியலை எடுக்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது, நட்டின் வெளி வளையம் தனியாகச் சுற்றுகிறதா என்பது. சில லாக் நட்டுகளில் வெளியே ஒரு வளையம் எதிலும் ஒட்டாமல் சும்மா சுழலும். எதை மேலே அடித்து மாட்டினாலும் வளையம்தான் சுற்றும், நட் அசையாது. விரலாலோ பிளையராலோ திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த வகை என்றால் வளையத்தை உடைத்து எடுக்க வேண்டும், அல்லது உள்பள்ளத்தைக் கடிக்கும் தனிக் கருவி வேண்டும். அனுபவசாலியிடம் விட்டுவிடுவது மேல். என்னுடையது ஒரே கட்டி.

இரண்டாவது விஷயத்தைத்தான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிதாக வரும் நான்கு நட்டையும் முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைசியில் லாக் நட்டோடு போராடுவார்கள். மற்ற நான்கும் போன பிறகு சக்கரத்தைப் பிடித்திருப்பது இது ஒன்றுதான். சக்கரம் துளி சாய்ந்தாலும் பாரம் முழுக்க இதன் தலையில் விழுந்து, நட்டின் கூம்பு முனை அலாயில் இன்னும் ஆழமாகக் கடிக்கும். அதனால் நான்கும் இறுக்கமாகவே இருக்கட்டும், லாக் நட் முதலில் வெளியே வரட்டும். கார் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. நட் இளகிய பிறகுதான் ஜாக்கி.

இனி சாக்கெட். வெர்னியரால் அளந்தபோது நட்டின் தலை 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. 19 மில்லிமீட்டர் 12 மூலை சாக்கெட்டை வைத்தேன். உள்ளே போகாமல் விளிம்பில் உட்கார்ந்து நின்றது. அதுதான் வேண்டும். கையால் தள்ளினாலே உள்ளே போகும் சாக்கெட் வழுக்கும். 6 மூலை சாக்கெட்டின் உள்சுவர் தட்டையானது, உருண்டையின் மேல் அதற்குப் பிடி கிடைக்காது. 12 மூலையில் உள்ளே கூரான பற்கள், அவை நட்டின் உடம்பில் பள்ளம் போட்டுக்கொண்டே இறங்கும். நல்ல செட்டிலிருந்து எடுக்காதீர்கள், இந்த வேலைக்குப் பிறகு அது சாக்கெட்டாகத் திரும்பி வராது. பளபளக்கும் குரோம் சாக்கெட் அடி தாங்காமல் தெறிக்கவும் வாய்ப்புண்டு, லாக் நட்டின் எஃகும் கடினமானது. கண்ணாடி போடாமல் இதைச் செய்யவே கூடாது. மூக்குக் கண்ணாடி அல்ல, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி.

அலாயில் நட் உட்காரும் குழியின் சுவருக்கும் சாக்கெட்டுக்கும் இடையே எனக்குக் கிடைத்தது ஒரு விரல் நகத்தின் தடிமன். சாக்கெட்டின் வெளியே இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். சாக்கெட்டில் கைப்பிடி மாட்டும் சதுரத் துளை நசுங்காமலிருக்க மேலே ஒரு தடித்த இரும்புத் துண்டு. அப்புறம் ஒரு கிலோ சுத்தியலால் நேராக, சின்னச் சின்ன அடிகள். சம்மட்டி எடுத்து விளாசினால் அந்த அதிர்ச்சியெல்லாம் ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியின்) பேரிங்குக்குத்தான் போகும். முதல் சில அடிகளில் சத்தம் மந்தமாக, செத்த சத்தமாக இருந்தது. சாக்கெட் மெல்ல இறங்க இறங்க அது மாறி, ஒரு கட்டத்தில் கணீரென்று ஒலித்தது. அதற்கு மேல் இறங்கவில்லை. சாக்கெட்டும் நட்டும் ஒன்றாகிவிட்டன என்று காது சொல்லிவிட்டது.

கழற்ற இம்பாக்ட் கன் (தட்டித் தட்டிச் சுற்றும் விசைக் கருவி) வேண்டாம், அதன் உதறலில் சாக்கெட் கழன்றுவிடும். பிரேக்கர் பார் என்ற நீளமான கைப்பிடிக் கம்பி போதும். கணக்கு எளிது: 60 சென்டிமீட்டர் பாரின் நுனியில் 20 கிலோ எடை கொடுத்தால் ஏறக்குறைய 118 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரும். பெரும்பாலான கார்களின் வீல் நட்டுக்கு நிறுவனம் சொல்லும் இறுக்கமே 100, 120 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான். இரண்டு கையும் வைத்து அழுத்தியும் வரவில்லை என்றால், நட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, பெரும்பாலும் யாரோ இம்பாக்ட் கன்னால் கண்மண் தெரியாமல் இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு விஷயம், எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டுக்கும் பாருக்கும் நடுவே மாட்டும் நீட்டுத் தண்டு) போட்டால் அதன் வெளிநுனி தாழ்ந்து சாக்கெட் கோணலாகும். நான் காரைத் தாங்க வைக்கும் ஆக்சில் ஸ்டாண்ட் ஒன்றை அதன் அடியில் முட்டுக் கொடுத்தேன். சீராக, இழுத்து உதறாமல் அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு வெடிப்பு. ஏதோ உடைந்ததென்று பதறுவோம். அதுதான் நட் விட்டுக்கொடுக்கும் சத்தம்.

மூன்று சக்கரங்கள் இப்படி வந்தன. ஒவ்வொரு முறையும் சாக்கெட்டுக்குள் மாட்டிய நட்டை வெளியே எடுப்பது தனி வேலை: வைஸில் பிடித்து, சதுரத் துளை வழியே பஞ்ச் என்ற இரும்புக் குச்சியை விட்டுத் தட்ட வேண்டும்.

பின் இடது சக்கரம் வரவில்லை. சாக்கெட் இறங்கியது, ஒலித்தது, பாரை அழுத்தியதும் நட்டைச் சீவிக்கொண்டு வழுக்கியது. உருண்டை இன்னும் உருண்டையானதுதான் மிச்சம். நண்பரிடம் ஃபோனில் சொன்னேன். “டார்ச் வச்சு சூடு காட்டு, தானா வந்துடும்” என்றார். துருப்பிடித்த சேஸிஸ் போல்ட்டுக்கு அது சரி. காற்றடைத்த டயர் பக்கத்தில் இருக்கும்போது சக்கரத்தைச் சூடேற்றினால், உள்ளே ரப்பர் சிதைந்து வாயுவாகி டயர் வெடிக்கக்கூடும். உடனேதான் வெடிக்கும் என்றுகூட இல்லை, சூடு காட்டி முடித்த பிறகும் நடக்கலாம். அலாயின் பெயிண்டும் பலமும் போவது வேறு. அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

எண்ணெய் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆகாததில் ஆச்சரியமும் இல்லை. இந்த நட்டின் தலை மூடியது, மரை உள்ளே இருக்கிறது, வெளியே அடித்த எண்ணெய் அங்கே போக வழியே கிடையாது.

கடைசியில் வேலை செய்தது எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். பார்க்கச் சாதாரண சாக்கெட்தான், உள்ளே பற்கள் நேராக இல்லாமல் இடப்பக்கம் முறுக்கிய மரையாக இருக்கும். கழற்றும் திசையில் சுற்றச் சுற்ற அது நட்டின் மேல் திருகிக்கொண்டு இறங்கும். நட் எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவு கடிக்கும். சும்மா வழுக்கும் 12 மூலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சுத்தியலால் சற்று உட்கார வைத்து, அதே பாரில் அழுத்தினேன். கொஞ்ச நேரம் பார் வளைவது மட்டும் தெரிந்தது. பிறகு விட்டது. இன்று இதே வேலையென்றால் நேரே எக்ஸ்ட்ராக்டரில்தான் தொடங்குவேன்.

அதுவும் தோற்றிருந்தால் வெல்டிங்தான். லாக் நட்டின் மேல் ஒரு சாதாரண நட்டை வெல்டு வைத்து அதைப் பிடித்துத் திருப்புவது. அல்லது கார்பைடு பிட்டால் மெதுவாகத் துளைத்து அழிப்பது. தலை கடினமாக்கப்பட்ட எஃகு, சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கிச் சுற்றிக்கொண்டே மழுங்கும். ஸ்டட்டுக்கு (ஹப்பிலிருந்து நீட்டியிருக்கும் மரைக் கம்பிக்கு) பதில் போல்ட் போட்ட கார்களில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. தலை தெறித்துப் போனாலும், இழுவிசை போய்விடுவதால் ஹப்பில் மிஞ்சிய துண்டு பெரும்பாலும் பிடித்துத் திருப்பினாலே வந்துவிடும். ஸ்டட் என்றால் அதையே மாற்ற வேண்டி வரலாம். வெல்டிங், துளைப்பது இரண்டையும் வீட்டு வாசலில் செய்ய நான் துணியமாட்டேன்.

நான்கும் வந்த பிறகு திரும்பவும் லாக் நட் போடவில்லை. ஒரு கருவியை வைத்து நான் கழற்றியதை, அதே கருவியோடு வருகிறவன் என்னைவிட வேகமாகக் கழற்றுவான். தெருவில் நிறுத்தும் விலையுயர்ந்த சக்கரமென்றால் நீங்கள் வேறு முடிவெடுக்கலாம், கொஞ்சமாவது தாமதப்படுத்தும். அப்படிப் போட்டால் சாவியை மொபைலில் எண்ணோடு படமெடுத்து வையுங்கள், எந்த டயர் வேலைக்குக் கொடுத்தாலும் அந்தச் சாவியில் கன் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாவி உடைவது அதில்தான்.

புது நட் வாங்கும்போது மரை அளவு மட்டும் பார்த்தால் போதாது. எம்12 (12 மில்லிமீட்டர் மரை) என்றாலே பிட்ச்சில், அதாவது மரை இழைகளின் இடைவெளியில், 1.25 பிட்ச்சும் உண்டு, 1.5 பிட்ச்சும் உண்டு, ஒன்றை மற்றதில் ஏற்றினால் மரை போய்விடும். உட்காரும் முனை கூம்பா, உருண்டையா, வாஷரோடு தட்டையா என்பதும் சக்கரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாத நட் இறுக்கமாக இருப்பது போலவே நடித்து, ஓடும்போது இளகும். ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்தேன், எண்ணெயோ கிரீஸோ தடவவில்லை. தடவினால் டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்) அதே எண்ணைக் காட்டும்போதே ஸ்டட் அதிகமாக இழுபட்டிருக்கும். நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். 80 கிலோமீட்டர் போல ஓட்டிய பிறகு திரும்பவும் வைத்துப் பார்த்ததில் பின் இடதில் ஒரு நட் மட்டும் கொஞ்சம் நகர்ந்துவிட்டு கிளிக் ஆனது. மற்றவை அசையாமலேயே கிளிக் கொடுத்தன.