எட்டே முக்காலில் நின்ற கடிகாரம்

வீட்டு வளவுத் தூணில் சாய்ந்தபடி, பழைய கைப்பேசியில் இருந்த கொழும்புப் படங்களை அப்பத்தாவுக்குக் காட்டினேன். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்ட நாள். அப்போது செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், நம்மவர்கள் தலைமுறைகளாகக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன அதே ஊரில்.

குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடக்கும் தூரம்தான். செவ்வாய்க்கிழமைகளில் எந்த மதம் என்று பாராமல் அங்கே கூட்டம் நெரியும். நானும் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறேன்.

வெறிச்சோடிய தெரு. தோரணமாக வெள்ளைக்கொடிகள். கோபுரக் கடிகாரம் 8.45-இல் நின்றுவிட்டது. அந்தப் படத்தை எடுக்கும்போது கை நடுங்கியிருக்கிறது, முள் மங்கலாகத்தான் தெரிகிறது.

அப்பத்தா வேறொரு படத்தில் நின்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம், மடியில் விற்காத மெழுகுதிரிக் கட்டுகளோடு ஒரு பெண்.

"இவள் பிள்ளைகள் பிழைத்தார்களா அப்பு?"

நான் அன்று கேட்கவே இல்லை.