பாசி எண்ணெய்க்கு அடியில நிக்கிற தண்ணி

நான் கிட்ட வந்தாலே வீட்ல மூக்கைப் பொத்துறாங்க, காரணம் அந்தப் பழுப்புத் தண்ணிதான். நுண்பாசிய காய வைக்காம ஈரத்தோடயே 300, 350 டிகிரி சூட்டுல, காத்தழுத்தத்தப் போல 200 மடங்கு அழுத்தத்துல வேக வெச்சா மேல கருப்பா எண்ணெய் பிரியும், எல்லாரும் அத அள்ளிட்டுப் போயிடுவாங்க, அடியில நிக்கிற தண்ணி என் பங்குக்கு வரும், அதுலேர்ந்து மீத்தேன் கேஸ் எடுக்கப் பாக்குறேன்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, பாசில இருந்த கார்பன்ல அஞ்சுல ஒரு பங்கு, சில சமயம் மூணுல ஒரு பங்கே கூட இந்தத் தண்ணிலதான் கரைஞ்சு கிடக்குது. கணக்குப்படி 1 கிராம் சிஓடி (தண்ணில இருக்குற கரிமச் சரக்க முழுசா ஆக்சிஜனேற்ற எவ்ளோ ஆக்சிஜன் வேணுங்கற அளவு) முழுசா மீத்தேனா மாறினா 350 மில்லி கேஸ். லிட்டருக்கு 60 கிராம் சிஓடி இருக்குற தண்ணின்னா 21 லிட்டர் வரணும், பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருக்கு!

மொத தடவ பேராசைல தண்ணி கலக்காம அப்படியே மீத்தேன் விடுற நுண்ணுயிருங்க இருக்குற சாணி ஸ்லட்ஜோட (சேறு) பாட்டில்ல ஊத்தி மூடினேன், ஒரு குமிழி கூட வரல. பாசில புரதம் ஜாஸ்தி, அது வெந்து உடையும்போது அமோனியாவா, பிரிடின், பைரசின் மாதிரி நைட்ரஜன் உள்ள வளைய மூலக்கூறுகளா மாறிடுது, கூடவே ஃபீனால் வேற, இதெல்லாம் நுண்ணுயிருங்களுக்கு ஆகாது. அசிட்டிக் ஆசிட்ட தின்னு மீத்தேன் விடுற நுண்ணுயிருங்கதான் அமோனியாவுக்கு மொதல்ல படுக்கும், அதுவும் பிஎச் ஏற ஏற விஷம் கூடும். தண்ணி ஊத்தி நீர்க்க வைக்கலாம்தான், ஆனா பத்து மடங்கு நீர்க்க வெச்சா டேங்கும் பத்து மடங்கு வேணுமே. ஆக்டிவேட்டட் கார்பன் போட்டா ஃபீனால் நல்லா பிடிபடுது, அமோனியா அதுல நிக்காது, அதுக்கு ஜியோலைட்னு ஒரு கனிமம் போடணும்.

நுண்ணுயிரே வேணாம்னு ருத்தேனியம்ங்கற உலோகக் கேடலிஸ்ட் (வினைய வேகப்படுத்துற பொருள்) மேல 350 டிகிரில இந்தத் தண்ணிய ஓட்டி நேரா மீத்தேன் எடுக்குற வழியும் இருக்கு, அமெரிக்காவுல பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகம் அத செஞ்சு காட்டுச்சு. வேகமான வழிதான், ஆனா கந்தகம் கொஞ்சம் உள்ள போனாலும் ருத்தேனியம் காலி, அது என்ன விலைன்னு தெரியும்ல. ரெண்டு வழிலயும் அமோனியா தண்ணிலயே தங்கிடும், அத நீர்க்க வெச்சு பாசிக் குளத்துக்கே உரமா திருப்பி விடலாங்கறது ஒரு ஆறுதல்.

நான் இப்போ ஸ்லட்ஜ்ல இருக்குற நுண்ணுயிருங்கள இந்தத் தண்ணிக்குக் கொஞ்சங்கொஞ்சமா பழக்கிட்டு இருக்கேன். நாலாவது பாட்டில் ரெண்டு வாரம் செத்த மாதிரி கிடந்துட்டு திடீர்னு கேஸ் விட ஆரம்பிச்சிருச்சு, அந்த ஸ்லட்ஜ யாரும் தொடக்கூடாதுன்னு சீட்டு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.