கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் யுப் ஹைன்கஸ்

1998 மே 20, ஆம்ஸ்டர்டாம். ரியல் மாட்ரிட் யுவென்டஸை 1-0 என்று ஜெயித்தது, கோல் அடித்தவர் மியாட்டோவிச். 1966க்குப் பிறகு 32 வருஷமாக மாட்ரிட்காரர்களுக்குக் கிடைக்காமல் இழுத்தடித்த ஐரோப்பியக் கோப்பை (கிளப்களுக்கானது, இப்போது சாம்பியன்ஸ் லீக் என்கிறோமே) அது. வாங்கிக் கொடுத்த கோச் சில நாட்களிலேயே வேலையில் இல்லை. ஸ்பெயின் லீகில் நான்காவது இடம்தானே, அதுதான் காரணமாம். கோப்பை கையில் இருக்கும்போதே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோச்தான் யுப் ஹைன்கஸ். ஜெர்மன் கால்பந்து என்றாலே பெக்கன்பாவர், கெர்ட் முல்லர், இப்போதைய பையன்களுக்கு க்ளாப் என்று போய்விடுகிறோம், இந்த ஆள் பெயர் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். சில சமயம் வரவே வராது. எனக்கு இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, ஏனென்றால் இவ்வளவு ஜெயித்தும் இவ்வளவு தடவை வழியனுப்பப்பட்ட இன்னொரு மனுஷனை எனக்குத் தெரியாது.

முழுப் பெயர் யோசெஃப். ரைன் நதிப் பக்கத்து ஜனங்கள் அதை யுப் என்று சுருக்கிவிடுவார்கள், நம்மூரில் ஜோசப் சூசை ஆவது மாதிரி. பிறந்தது 1945 மே 9, மன்ஷன்கிளாட்பாக் ஊரில். தேதியைக் கவனியுங்கள், ஐரோப்பாவில் போர் முடிந்த மறுநாள். அப்பா கொல்லர், பத்துப் பிள்ளைகளில் இவர் ஒன்பதாவது. கால்பந்து சோறு போடும் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை, அதனால் பையன் சுவர்ப் பூச்சு வேலை கற்றுக்கொண்டான்.

1964ல் சொந்த ஊர் கிளப்பான போருசியா மன்ஷன்கிளாட்பாக்கில் சேர்ந்தார். கோச் ஹென்னஸ் வைஸ்வைலர். அடுத்த வருஷமே அணி முதல் டிவிஷனுக்கு, அதாவது புண்டஸ்லிகாவுக்கு ஏறியது. எல்லாம் சின்னப் பசங்க, பயமே இல்லாமல் முன்னால் ஓடுகிறவர்கள், அதனால் 'குதிரைக் குட்டிகள்' என்று பெயர். நடுவில் மூன்று வருஷம் ஹனோவரில் ஆடிவிட்டு 1970ல் திரும்பி வந்தார், அப்புறம் 1978 வரை அங்கேதான். 1971, 75, 76, 77 என்று நாலு லீக் பட்டம். 1975ல் யுஏஃபா கோப்பை (ஐரோப்பிய கிளப்களுக்கான இன்னொரு கோப்பை) ஃபைனல், இரண்டு மேட்ச்சாக நடந்தது. முதல் மேட்சில் காயத்தால் ஆடவில்லை, 0-0. இரண்டாவது மேட்ச் ஹாலந்தில் ட்வென்டே அணியோடு. இறங்கினார், மூன்று கோல், 5-1.

மொத்தம் 369 லீக் மேட்ச், 220 கோல். ஆனால் அதே காலத்தில் முனிக்கில் கெர்ட் முல்லர் என்று ஒருத்தர் 365 கோல் அடித்து வைத்திருந்தார், என்ன செய்ய? 1974 சீசனில் இரண்டு பேரும் தலா 30 கோல் அடித்து முதலிடத்தைப் பங்கு போட்டார்கள். நாட்டு அணிக்காக, 1972ல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை ஃபைனலில் ஹைன்கஸ் ஆடினார். 1974 உலகக் கோப்பை ஜெயித்த அணியிலும் இருந்தார், ஆனால் முதல் இரண்டு மேட்ச்தான் ஆடினார், மற்றதை வெளியே உட்கார்ந்து பார்த்தார்.

பட்டியலை விடுங்கள். இவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி லீக் மேட்ச். 1978 ஏப்ரல் 29. கிளாட்பாக்கும் கொலோனும் சம புள்ளியில் நிற்கின்றன, கோல் வித்தியாசத்தில் கொலோன் 10 கோல் முன்னால். கடைசி நாளில் பத்து கோலை யார் எட்டிப் பிடிப்பது? கொலோன்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு ஹாம்பர்க்கில் செயின்ட் பவுலியோடு ஆடப் போயிருப்பார்கள். இந்தப் பக்கம் டூசல்டார்ஃபில் கிளாட்பாக்குக்கு எதிரே டார்ட்மண்ட். முதல் நிமிஷத்திலேயே ஹைன்கஸ் கோல். பன்னிரண்டாவது நிமிஷம் இன்னொன்று. முப்பத்திரண்டாவதில் இன்னொன்று. இடைவேளையில் 6-0. டார்ட்மண்ட் கோல்கீப்பர் பீட்டர் எண்ட்ருலாட்டிடம் 'வெளியே வந்துவிடுகிறாயா' என்று கோச் ரெஹாகல் கேட்டாராம், அவர் மாட்டேன் என்று திரும்பவும் போய் நின்றார். பாவம், அவருக்கு இன்னொரு ஆறு காத்திருந்தது. கடைசியில் 12-0, அதில் ஐந்து ஹைன்கஸ் அடித்தது. புண்டஸ்லிகாவில் இன்று வரை இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

பட்டம்? கொலோனுக்குத்தான். அங்கே அவர்கள் 5-0 ஜெயித்துவிட்டார்கள், மூன்று கோல் வித்தியாசத்தில் தப்பித்தார்கள். கொலோன் கோச் யார் தெரியுமா? ஹைன்கஸை வளர்த்துவிட்ட அதே வைஸ்வைலர். அந்தத் தோல்வியோடு ரெஹாகல் வேலை போனது ('டோர்ஹாகல்', அதாவது கோல் ஆலங்கட்டி மழை, என்று பெயரையே திரித்துவிட்டார்கள்), அவர் 2004ல் கிரீஸை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார் என்பது வேறு கதை. ஐந்து கோல் அடித்து, அணி பன்னிரண்டு அடித்து, பட்டம் இல்லாமல் ரிட்டையர் ஆவது என்றால் இதுதான். என்ன ஒரு வழியனுப்பு!

அடுத்த வருஷம் உடோ லாட்டெக்குக்கு உதவியாளர். 1979ல், 34 வயதில், சொந்தக் கிளப்புக்குக் கோச். எட்டு வருஷம், ஒரு கோப்பை கூட இல்லை. ஆனால் கிட்டே போய்க் கைநழுவியவை நிறைய. 1980 யுஏஃபா கோப்பை ஃபைனலில் ஃபிராங்ஃபர்ட்டிடம் 3-2, 0-1, மொத்தம் சமம், ஆனால் வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கில் போனது. 1984ல் லீகில் ஸ்டட்கார்ட், ஹாம்பர்க்கோடு சம புள்ளி, கோல் வித்தியாசத்தில் மூன்றாம் இடம். அதே வருஷம் ஜெர்மன் கோப்பை ஃபைனலில் முனிக் கிளப்பான பயேர்னிடம் பெனால்டியில் தோல்வி, பெனால்டியை விட்டவர்களில் ஒருவர் அடுத்த சீசனில் பயேர்னுக்கே போகவிருந்த லோதர் மத்தேயஸ். 1985ல் ரியல் மாட்ரிட்டை 5-1 என்று துவைத்தார்கள், இரண்டு வாரம் கழித்து மாட்ரிட்டில் 0-4 வாங்கி வெளியேறினார்கள்.

அப்போதைய ஹைன்கஸ் கறாரான ஆள். கோபம் வந்தால் முகம் சிவந்துவிடும், அதனால் வுட்கே என்கிற அவருடைய ஆட்டக்காரரே 'ஓஸ்ராம்' என்று பெயர் வைத்தார். ஓஸ்ராம் என்றால் பல்பு கம்பெனி. நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர்.

1987ல் பயேர்னுக்குக் கோச். 1989 மே மாதம் ஒரு டிவி நிகழ்ச்சியில் கொலோன் கோச் கிறிஸ்டோஃப் டௌம் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார். ஹைன்கஸோடு பேசுவதைவிட வானிலை வரைபடம் பார்ப்பது சுவாரசியம் என்று சொன்ன ஆள் அவர். ஐந்து நாள் கழித்து பயேர்ன் கொலோனிலேயே போய் 3-1 ஜெயித்தது, மூன்று கோலும் வோல்ஃபார்ட் அடித்தது, பட்டமும் வந்தது. 1990லும் பட்டம். 1991 அக்டோபரில் ரிசல்ட் சரியில்லை என்று வேலையை விட்டுத் தூக்கினார்கள். தன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான் என்று பயேர்ன் மேனேஜர் உலி ஹோனஸ் பின்னால் பல தடவை சொன்னார். சரி, தப்பை ஒத்துக்கொள்ளவாவது மனசு வந்ததே.

அதற்குப் பிறகு ஊர் ஊராக. ஸ்பெயினில் பில்பாவோ நன்றாகப் போனது. ஃபிராங்ஃபர்ட் நாசமாகப் போனது. இதில் நான் ஹைன்கஸ் பக்கம் இல்லை. 1994 டிசம்பரில் யெபோவா, ஒகோச்சா, கௌடினோ மூன்று பேருக்கும் ஒழுங்கு கற்றுக்கொடுக்கிறேன் என்று கூடுதல் பயிற்சி கொடுத்தார், அவர்கள் அடுத்த மேட்சே ஆட மாட்டோம் என்றார்கள், யெபோவா இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் அங்கே கூரை பிய்யப் பிய்ய கோல் அடித்தார். ஒகோச்சா மாதிரி ஒரு ஆட்டக்காரனை வைத்துக்கொண்டு அவனை ஓட்டப் பயிற்சியில் திருத்த நினைப்பது என்ன புத்தி? சீசன் முடியும் முன்பே கிளம்பினார். ஃபிராங்ஃபர்ட் ரசிகர்கள் அதை லேசில் மறக்கவில்லை.

டெனெரிஃபே என்கிற குட்டித் தீவு அணியை 1997ல் யுஏஃபா கோப்பை செமி ஃபைனல் வரை கொண்டுபோனார், அதைப் பார்த்துத்தான் மாட்ரிட் கூப்பிட்டது. மாட்ரிட் கதை மேலே சொன்னேன். போர்ச்சுகலில் பென்ஃபிகா கிளப்போடு ஸ்பெயினின் செல்டா விகோவிடம் 7-0 வாங்கினார், அங்கிருந்து கிளம்பியபோது அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மொரின்யோ என்கிற புதுமுகம். மறுபடி பில்பாவோ, ஷால்க. 2006ல் சொந்த ஊர் கிளப்புக்கே திரும்பி வந்தபோது ரிசல்ட் மோசமாகி, கொலை மிரட்டல் வரை போய், 2007 ஜனவரியில் விலகினார். 220 கோலில் பெரும்பகுதியை அந்த ஊருக்காக அடித்த மனுஷன். 61 வயது, அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2009ல் பயேர்ன் கோச் கிளின்ஸ்மனை அனுப்பிவிட்டு ஹோனஸ் ஐந்து மேட்சுக்கு மட்டும் கூப்பிட்டார். நாலு வெற்றி, ஒரு டிரா. அப்புறம் லெவர்குசனில் முதல் 24 லீக் மேட்ச் தோல்வியே இல்லை. இங்கேதான் ஆள் மாறியிருப்பது தெரிந்தது. ஓஸ்ராம் அணைந்து, தாத்தா ஒருத்தர் வந்திருந்தார். பையன்களோடு பேசுகிறார், சிரிக்கிறார், தோளில் கை போடுகிறார்.

2011ல் மறுபடி பயேர்ன். 2012 சீசனில் லீகில் இரண்டாம் இடம், ஜெர்மன் கோப்பை ஃபைனலில் டார்ட்மண்டிடம் 5-2 தோல்வி, பிறகு மே 19 அன்று முனிக்கிலேயே, சொந்த மைதானத்திலேயே, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் செல்சியோடு. நமக்கு ராத்திரி 12:15. பயேர்னுக்கு 20 கார்னர், செல்சிக்கு ஒன்றே ஒன்று. 83வது நிமிஷம் தாமஸ் முல்லர் தலையால் அடித்தார், 87ல் ஹைன்கஸ் முல்லரை வெளியே எடுத்து டிஃபெண்டர் வான் பைட்டனை இறக்கினார், 88ல் அந்த ஒரே கார்னரில் செல்சியின் துரோக்பா தலையால் கோல். அந்த மாற்று மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. எக்ஸ்ட்ரா டைமில் ரொபன் பெனால்டியை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்துவிட்டார். கடைசிப் பெனால்டிகளில் பயேர்னின் மூன்றாவது பந்தை அடிக்க வந்தது கோல்கீப்பர் நோயர், அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஷ்வைன்ஸ்டைகர் அடித்தது கம்பத்தில் பட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பா நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அடுத்த சீசனில் ஹைன்கஸ் செய்தது பெரிய மந்திரமெல்லாம் கிடையாது. பில்பாவோவிலிருந்து ஹாவி மார்டினெஸை 40 மில்லியன் யூரோவுக்கு வாங்கச் சொன்னார், நடுக்களத்தில் ஷ்வைன்ஸ்டைகர் பக்கத்தில் நிறுத்தினார். ரிபெரி, ரொபன் இரண்டு பேரையும் பந்து போனால் பின்னால் ஓடி வர வைத்தார். இந்த இரண்டு பேரும் அதுவரை தங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தவர்களே இல்லை! ஃபிராங்ஃபர்ட்டில் ஒகோச்சாவிடம் அதட்டிக் கேட்டு நடக்காததை இங்கே பேசியே நடத்திவிட்டார். ஏப்ரலில் யுவென்டஸ் மேட்சில் குரோஸுக்குக் காயம், உள்ளே ரொபன், முல்லர் நடுவுக்கு. அதற்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனலில் பார்சிலோனாவை 4-0, 3-0. லீகில் 91 புள்ளி, இரண்டாம் இடத்தைவிட 25 அதிகம்.

ஆனால் ஜனவரியிலேயே, இதெல்லாம் நடக்கும் முன்பே, அடுத்த கோச் குவார்டியோலா என்று கிளப் அறிவித்துவிட்டது. ஹைன்கஸ் ஓய்வு பெறுகிறாராம். அதை அவர் வாயால் சொல்ல விட்டிருக்கலாம்.

லீகின் கடைசி மேட்ச், பாருங்கள், மன்ஷன்கிளாட்பாக்கில் வந்து விழுந்தது. 4-3 ஜெயித்தார்கள். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் பேச உட்கார்ந்தவர் அழுதுவிட்டார், 68 வயசு ஆள். அடுத்த வாரம் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எதிரே டார்ட்மண்ட். 1-1, 89வது நிமிஷம். போவாட்டெங் பின்னாலிருந்து நீளமாக அடித்த பந்தை ரிபெரி அடக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் தட்டிவிட, ரொபன் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவே புகுந்து கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரைத் தாண்டி மெல்ல உருட்டினார். அடிக்கக்கூட இல்லை, உருட்டினார். அந்தப் பந்து கோட்டைத் தாண்ட எடுத்த நேரம் எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது. ஜூன் 1 அன்று ஜெர்மன் கோப்பையும் வந்தது. மூன்று கோப்பை ஒரே சீசனில், ஜெர்மன் ஆண்கள் கால்பந்தில் முதல் தடவை. ஹைன்கஸ் தோட்டத்துக்கும் நாய்க்கும் திரும்பிப் போனார்.

நாய் பெயர் காண்டோ. கோச் ஆன்செலோட்டியை அனுப்பிவிட்டு 2017 அக்டோபரில் ஹோனஸ் மறுபடி கதவைத் தட்டினார், 72 வயதில் மறுபடி வந்தார், 21 புள்ளி வித்தியாசத்தில் லீக். ஏப்ரலிலேயே அடுத்த கோச் நிகோ கோவாச் என்று அறிவிப்பு. அப்போது கோவாச் எந்த அணிக்குக் கோச்? ஃபிராங்ஃபர்ட். 2018 மே 19, ஜெர்மன் கோப்பை ஃபைனல், பயேர்னும் ஃபிராங்ஃபர்ட்டும். முனிக் ஃபைனலுக்கு நாளோடு நாள் ஆறு வருஷம். 1-2 என்று பின்னால் நிற்கும்போது கடைசி கார்னருக்கு பயேர்ன் கோல்கீப்பர் உல்ரைஷும் முன்னால் ஓடினார், பந்து வெளியே வந்தது, ஃபிராங்ஃபர்ட்டின் காச்சினோவிச் என்கிற பையன் பாதி மைதானத்தைத் தனியாக ஓடிக் கடந்தான், முன்னால் ஆளில்லாத கோல், பின்னால் துரத்தியும் பிடிக்க முடியாத சிவப்புச் சட்டைகள். 3-1. அதுதான் யுப் ஹைன்கஸ் கோச்சாக நின்று பார்த்த கடைசி கோல்.