சாத்திரியாரிடம் போன நம்பாதவர்

சோதிடத்தை நம்பாமலே சாத்திரம் கேட்கப் போனவரை வைத்துக் கதை எழுதும்போது சாத்திரியாரை ஏமாற்றுக்காரர் ஆக்கினால் கதை அங்கேயே செத்துவிடும்.

முதலில் கணக்கைப் படியுங்கள். சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருடம் நிற்கும். ஏழரைச் சனி எந்நேரமும் 12 ராசிகளில் 3 ராசிக்காரருக்கு நடந்துகொண்டேயிருக்கும். நம்பாதவருக்கு இது தெரியும், அதனால் "உங்களுக்கு ஏழரைச் சனி" என்று சாத்திரியார் சொன்னால் அசையமாட்டார்.

"வெளியில இருக்கிற பிள்ளையை நினைச்சு நித்திரை இல்லைப் போல" என்று சாத்திரியார் சொன்னதும் நம்பாதவர் வெற்றிலையில் வைத்த காசைக் குனிந்து பார்ப்பார். பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை! எல்லாருக்கும் பொருந்தும் அந்த வசனம் இவரை ஏன் தைத்தது? கதை அதுதான்.

சொன்ன பலன் பலிக்கும் முடிவு வேண்டாம். மஞ்சள் பூசிய சாதகக் குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறாரா, கையிலேயே பிடித்திருக்கிறாரா என்று மட்டும் காட்டுங்கள்.